ஓட்டை மூடிவிட்டது, சரி, ஆனால் காது?

அன்பு நண்பா,

புது வேலை பிடித்துப்போய்விட்டது என்று எழுதியிருந்தாய், அந்தப் பத்தியை இரண்டு தடவை படித்தேன். பதில் தாமதமானதற்கு உன் கடைசி வரிதான் காரணம். செவிப்பறை ஓட்டைதான் மூடிவிட்டதே, அப்புறமும் ஏன் கேட்கவில்லை என்று கேட்டிருந்தாய். நானும் டாக்டரிடம் இதையேதான் கேட்டேன்.

குளித்துவிட்டு வந்து இடது காதில் பட்ஸ் குச்சியை விட்டுக்கொண்டு நின்றேன், யாரோ கதவைத் திறக்க அது முழங்கையில் இடித்தது. சுரீரென்று வலி, இரண்டு சொட்டு ரத்தம், அடுத்த நொடி அறையே சுழன்றது, சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். வலி ஒரு மணி நேரத்தில் அடங்கிவிட்டது. தலைசுற்றல் அடங்கவில்லை. பித்தமாக இருக்கும் என்று இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன் பார், அதுதான் என் மடத்தனம்.

செவிப்பறை 0.1 மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். சின்னக் கிழிசல் என்றால், தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டாலே பெரும்பாலும் சில வாரத்தில் தானாக மூடிக்கொள்ளும், எனக்கும் மூடிவிட்டது. ஆனால் குச்சி அதோடு நிற்கவில்லையே. பறைக்குப் பின்னால் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று குட்டி எலும்புகள் கோத்திருக்கின்றன. கடைசியில் இருக்கும் அங்கவடி, மொத்தமே 3 மில்லிமீட்டர் உயரம், உட்காதின் சின்னச் சன்னல் ஒன்றில் மூடி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அந்த மூடி உள்ளே அழுந்தி, ஓரத்து இடுக்கு வழியாக உட்காதுத் திரவம் கசிந்திருக்கிறது. உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் உறுப்பும் அதே திரவத்துக்குள்தான் இருக்கிறது, அறை சுழன்றதற்கு அதுதான் காரணம்.

டாக்டர் இசைக்கவையை, தட்டினால் அதிர்ந்து ஒலிக்குமே அந்த உலோகக் கவையை, தட்டி என் நெற்றியில் வைத்து, எந்தப் பக்கம் கேட்கிறது என்றார். நல்ல காதில் என்றேன், சந்தோஷமாகவே சொன்னேன், அவர் முகம் மாறிவிட்டது. வெறும் ஓட்டை என்றால் அடிபட்ட காதில்தான் பலமாகக் கேட்குமாம், நல்ல காதுப் பக்கம் போனால் கோளாறு உட்காதில். அப்புறம் எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோகிராம், ஸ்கேன், ஸ்டீராய்டு, தலையை உயர்த்தியே படுக்கை, மூக்கைச் சிந்தாதே, முக்காதே. கடைசியில் அறுவை சிகிச்சை செய்து கசிந்த இடத்தைத் திசு வைத்து அடைத்தார்கள்.

சுற்றல் நின்றது. கேட்கும் திறன் திரும்பவில்லை, ஏனென்றால் உட்காதில் ஒலியை நரம்புக்குக் கொண்டுபோகும் மயிர்ச்செல்கள் செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைக்காது. கோழிக்கு முளைக்குமாம்! அதைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே, சொல்லி மாளாது.

இப்போது இடது பக்கம் யார் பேசினாலும் குரல் கேட்கிறது, சொல் புரிவதில்லை. இரவில் இரைச்சல் வேறு. கூட்டத்தில் எங்கிருந்து கூப்பிடுகிறார்கள் என்றே தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன்.

அது இருக்கட்டும், வகுப்பில் உட்கார்ந்து ஊக்கால் காது குடைவாயே, இன்னும் அந்தப் பழக்கம் உண்டா? உண்மையை எழுது, திட்ட மாட்டேன்.

உன் நண்பன்