பட்டம் ஏன் சுழல்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. வீட்டில் எல்லாரும் நலம் என்று படித்ததும் நிம்மதி. அக்கா பிள்ளைகளும் சேர்ந்து ஐந்து பேர், எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வரை, ஒரு மாதம் முழுக்க உன் பொறுப்பில்! தினம் ஒன்றாக முப்பது விளையாட்டுக்குப் பட்டியல் கேட்டிருக்கிறாய். தரப்போவதில்லை, கோபித்துக்கொள்ளாதே. முப்பதும் ஒரு தடவை பார்த்து மறந்துபோகும். நாலே நாலு போதும். முதல் தடவையே சரியாக வந்துவிடாத வேலைகளாகப் பார்த்துத்தான் நாலையும் எடுத்திருக்கிறேன். எங்கே பிசகியது என்று தேடி, ஒன்றை மாற்றி, மறுபடி முயலும்போதுதான் பிள்ளைகளுக்கு நேரம் போவதே தெரியாது. உனக்கு ஒரு நிபந்தனை உண்டு: பிசகு உன் கண்ணுக்குத் தெரிந்தாலும் நீ போய்த் திருத்தாதே. ஆபத்தான இடங்களில் மட்டும் கை கொடு. அவை எவை என்று அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

முதலில் பட்டம். கடையில் வாங்கியது வேண்டாம், செய்யட்டும். 80 செ.மீ. நீள நடுக்குச்சி ஒன்று, 70 செ.மீ. குறுக்குக் குச்சி ஒன்று. மூங்கில் சீவியது, 4 அல்லது 5 மி.மீ. கனம். குறுக்குக் குச்சியின் நட்ட நடுவைக் கத்தியின் முதுகில் வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் சமமாக நிற்க வேண்டும். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அதைக் கொஞ்சம் சீவச் சொல். பட்டத்தின் பாதி ஒழுங்கு இந்த ஒரு நிமிட வேலையில் இருக்கிறது. தலையிலிருந்து 20 செ.மீ. தள்ளி இரண்டையும் குறுக்காக வைத்துக் கட்டி, நான்கு முனைகளிலும் சிறு வெட்டுப் போட்டு, சுற்றிலும் நூல் இழுத்துக் கட்ட வேண்டும். தலையிலிருந்து இடது முனைக்கும் வலது முனைக்கும் தூரம் ஒன்றுதானா என்று அளந்த பிறகே தாள் ஒட்டலாம். மெல்லிய வண்ணத்தாளோ, மெல்லிய பிளாஸ்டிக் தாளோ, ஓரத்தில் 2 செ.மீ. மடிப்பு விட்டு ஒட்டினால் போதும். பசை காய்ந்ததும் குறுக்குக் குச்சியின் இரு முனைகளையும் முதுகுப் பக்கமாக நூலால் இழுத்து, நடுவில் 7 செ.மீ. இடைவெளி வரும்படி வில்லாக வளைக்கட்டும். தாளின் புடைத்த முகம் காற்றைப் பார்த்து நிற்கும்.

அடுத்தது சூத்திரம், அதாவது பட்டத்தைப் பறக்கவிடும் நூலோடு இணைக்கும் கட்டு. குச்சிகள் சந்திக்கும் இடத்தில் ஒரு முனை, தலையிலிருந்து 68 செ.மீ.யில் நடுக்குச்சியில் இன்னொரு முனை. இரண்டுக்கும் நடுவே முடிச்சுகள் போக மிச்சம் 100 செ.மீ. நூல், புடைத்த முகத்தின் பக்கம். மேல் பகுதி 38 செ.மீ., கீழ்ப் பகுதி 62 செ.மீ. வரும் இடத்தில் நகர்த்தக்கூடிய முடிச்சாகப் போட்டு, பறக்கவிடும் நூலை அதில் சேர்க்க வேண்டும். அந்த முடிச்சைப் பிடித்துத் தூக்கினால் தலைப்பக்கம் கொஞ்சம் உயர்ந்து நிற்கும். வாலுக்கு 5 செ.மீ. அகலத் துணிப்பட்டை, 4 மீட்டர்.

பறக்காதபோதுதான் பாடமே தொடங்கும். பட்டம் கையை இழுக்கிறது, ஆனால் மேலே ஏறாமல் ஆடுகிறது என்றால் முடிச்சு கீழே இருக்கிறது. தலைப்பக்கம் 1 செ.மீ. ஏற்றலாம். படபடத்து, இழுப்பே இல்லாமல் மூக்குக் குப்புற விழுந்தால் முடிச்சு மேலே போய்விட்டது. எப்போதும் ஒரே பக்கமாகச் சுழன்றால் கோளாறு சட்டத்தில்: எடையோ அளவோ இரு பக்கமும் ஒத்துவரவில்லை. ஒரு தடவை இடப்பக்கம், ஒரு தடவை வலப்பக்கம் என்று சுழன்றால் வால் போதவில்லை. வால் நீண்டுவிட்டால் பட்டம் தாழ்வாகவே, அலுப்பாக மிதக்கும். இந்த ஐந்து நோயும் மருந்தும் உனக்குத் தெரிந்தால் போதும், பிள்ளைகளிடம் சொல்லாதே. "எந்தப் பக்கம் சுழலுது?" என்று மட்டும் கேள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் என்பதில் கண்டிப்பாக இரு. வாலையும் முடிச்சையும் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று யாருக்கும் தெரியாது.

ஓடிக்கொண்டே ஏற்றுவது எல்லாரும் செய்யும் தவறு. ஒருவர் காற்று போகும் திசையில் 20 மீட்டர் தள்ளிப் பட்டத்தைப் பிடித்து நிற்க, நூல்காரர் காற்றுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். காற்று அடிக்கும்போது தூக்கிப் போடாமல் வெறுமனே கையை விட்டால், நூல்காரர் கைக்குமேல் கையாக இழுக்கத் தானே ஏறும். இலைகளும் சிறு கிளைகளும் ஓயாமல் அசையும் காற்று, அதாவது மணிக்கு 12 முதல் 19 கி.மீ., இந்தப் பட்டத்துக்கு ஏற்றது. கட்டடத்துக்கும் மரத்துக்கும் பின்னால் காற்று சுழித்து வரும், அங்கே எந்தப் பட்டமும் நிற்காது. வெறும் பருத்தி நூல்தான், கண்ணாடித்தூள் பூசியதும் உலோக இழை கலந்ததும் கூடவே கூடாது. மின்கம்பி கண்ணில் படாத வெளி வேண்டும். கம்பியில் சிக்கிய பட்டத்தை மறந்துவிட வேண்டும். வானம் இடித்தால் நூலைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

இரண்டாவது, தண்ணீர் ராக்கெட். பெரியவர்களுக்கு இதுதான் பிடிக்கும், எனவே பம்ப்பைத் தவிர எதையும் தொடாதே! 2 லிட்டர் சோடா பாட்டில் வேண்டும். வாயு அடைத்த பானம் வந்த பாட்டில்தான் அழுத்தம் தாங்கும், சாதாரணத் தண்ணீர் பாட்டில் மெல்லியது, பிளந்துவிடும். வாயின் உள் அகலம் சுமார் 22 மி.மீ. அதற்கு இறுக்கமான ரப்பர் அடைப்பான், அதன் நடுவே பந்துக்குக் காற்றடிக்கும் ஊசி, ஊசியிலிருந்து 4 அல்லது 5 மீட்டர் குழாய், மறுமுனையில் சைக்கிள் பம்ப். ஊசி ரப்பரை முழுவதும் துளைத்து வெளியே வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று உள்ளே போகாது. கெட்டி அட்டையில் மூன்று துடுப்புகளை வெட்டி வாய்ப்பக்கம் சம இடைவெளியில் அகல டேப்பால் ஒட்டலாம். சூடான பசைத் துப்பாக்கியைப் பாட்டிலுக்கு அருகில் கொண்டுவராதே, சூட்டில் பிளாஸ்டிக் வலுவிழக்கும். பாட்டிலின் அடிப்பக்கம்தான் பறக்கும்போது மூக்கு. அங்கே 50 கிராம் களிமண்ணைப் பிசைந்து ஒட்டி, மேலே காகிதக் கூம்பு. இந்த எடை இல்லாவிட்டால் ராக்கெட் இரண்டு ஆள் உயரத்தில் குட்டிக்கரணம் போடும். எடை முன்னாலும் துடுப்பு பின்னாலும் இருந்தால்தான் அம்பு மாதிரி நேராகப் போகும். இதையும் நீ முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். முதல் தடவை கூம்பு மட்டும் வைத்து விட்டுப் பார்க்கட்டும்.

எவ்வளவு தண்ணீர் என்பதுதான் பெரிய கேள்வி. ராக்கெட்டைத் தள்ளுவது அழுந்திய காற்று, அந்தக் காற்று பின்னால் எறிவது தண்ணீரை. தண்ணீர் நிறைய இருந்தால் காற்றுக்கு இடமில்லை, குறைந்தால் எறிய எதுவும் இல்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சரியாக வரும். ஆனால் பிள்ளைகள் 200, 400, 600, 800, 1000 மி.லி. என்று ஐந்தையும் விட்டுப் பார்க்க வேண்டும், ஒவ்வோர் அளவிலும் மூன்று தடவை. அடைப்பான் தானாகப் பிடுங்கிக்கொண்டு கிளம்புவது ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும் அதை ஒரே ஆழத்துக்கு அழுத்தியிருக்க வேண்டும். ரப்பரில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டால் போயிற்று. தண்ணீர் குறையக் குறையப் பம்ப் அடிக்கும் எண்ணிக்கை கூடும், அது ஏன் என்று பெரியவளிடம் கேள்.

உயரத்தை அளக்கக் கோணமானி ஒன்று, அதன் நடுப்புள்ளியில் கனமான நட்டு கட்டிய நூல், நேர்விளிம்பில் ஒட்டிய உறிஞ்சுகுழல். ஏவும் இடத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி நின்று, உச்சியில் ராக்கெட்டைக் குழல் வழியே பார்த்து நூலை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். நூல் 90-லிருந்து எத்தனை பாகை விலகியதோ அதுதான் ஏற்றக் கோணம். 45 பாகை என்றால் 20 மீட்டர், 60 என்றால் சுமார் 35 மீட்டர். பார்ப்பவரின் கண் உயரத்தையும் கூட்டிக்கொள்ளட்டும்.

இங்கே உன் கை தேவை. பம்ப்பை நீயே அடி. மற்றவர்கள் 10 மீட்டராவது தள்ளி நிற்க, யாரும் பாட்டிலின் மேல் குனியக் கூடாது. அழுத்தம் 4 பார் தாண்டியும் கிளம்பவில்லை என்றால் கிட்டே போகாதே. பம்ப்பிலிருந்து குழாயைக் கழற்றிவிட்டால் காற்று தானே இறங்கிவிடும். கீறலோ வெண்மையான மடிப்போ விழுந்த பாட்டிலை அன்றே தூக்கிப் போட்டுவிடு.

மூன்றாவது சின்னவர்களுக்கு: ஆள் உயரச் சோப்புக் குமிழி. 2 கிராம் குவார் கம் (கொத்தவரை விதைப் பிசின்) தூளை ஒரு தேக்கரண்டி கிளிசரினில் குழைத்துக்கொண்டு பிறகு 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்க வேண்டும். நேராகத் தண்ணீரில் போட்டால் கட்டி தட்டும், அப்புறம் கரையவே கரையாது. கடைசியாக 60 மி.லி. பாத்திரம் கழுவும் திரவம், நுரைக்காமல் மெதுவாக. ஒரு மணி நேரமாவது அசையாமல் இருக்கட்டும். இரண்டு குச்சிகளின் நுனிகளை 50 செ.மீ. பருத்திக் கயிற்றால் இணைத்து, அதே நுனிகளிலிருந்து 1 மீட்டர் கயிறு தொங்கவிட்டு நடுவில் ஒரு நட்டு கோத்தால் முக்கோண வளையம். குச்சிகளைச் சேர்த்து முக்கி, தூக்கி, மெல்ல விரித்துப் பின்னால் நடந்து, மறுபடி சேர்த்தால் குமிழி பிரியும். சேர்க்க மறந்தால் கயிற்றோடேயே வெடிக்கும். குமிழிக்கு எமன் வறண்ட காற்று. விடிகாலையிலும் மழை விட்ட பிறகும் நீண்ட நேரம் நிற்கும், உச்சி வெயிலில் நிற்காது. கரைசலின் மேல் நுரை மிதந்தால் வழித்து எறியணும். கையைக் கரைசலில் நனைத்துக்கொண்டு குமிழிக்குள் விட்டால் உடையாது, எட்டு வயதுக்கு இது மந்திரம்தான். புல்தரையில் செய்யுங்கள், சிமெண்டுத் தரை வழுக்கிவிடும்.

நாலாவது வெயில் ஏறிய பிறகு வீட்டுக்குள் செய்வது. கைக்கண்ணாடி மேல் 6 மி.மீ. துளை போட்ட கறுப்பு அட்டையை ஒட்டி, ஜன்னலில் வெயில் படும்படி நிறுத்தி, 10 மீட்டர் தள்ளி இருட்டான சுவரில் ஒளியை விழச் செய். துளையைச் சதுரமாக வெட்டு, முக்கோணமாக வெட்டு, சுவரில் விழுவது வட்டம்தான்! ஏனென்றால் அது துளையின் வடிவமல்ல, சூரியனின் பிம்பம். விளிம்பிலிருந்து விளிம்புக்கு அளந்து, துளையின் அகலத்தைக் கழித்தால் 9 செ.மீ.யை ஒட்டி வரும். அதைக் கண்ணாடிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தால் வகுத்து, 15 கோடி கி.மீ.யால் பெருக்கட்டும். சுமார் 14 லட்சம் கி.மீ. வரும், சூரியனின் விட்டம்! ஒரு துண்டு அட்டையை வைத்து அதை அளந்துவிடும் குழந்தையின் முகத்தை நீ பார்க்க வேண்டும். பிம்பத்தைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போடச் சொல். சுமார் இரண்டு நிமிடத்தில் பிம்பம் அந்த வட்டத்தை விட்டு முழுக்க நகர்ந்துவிடும். கண்ணாடியையோ சூரியனையோ யாரும் நேராகப் பார்க்கக் கூடாது, சுவரை மட்டும்தான்.

சைக்கிள் தெரியாத சின்னவனைப் பற்றிக் கேட்டிருந்தாய். பக்கச் சக்கரம் வேண்டாம், அது சாய்ந்து திரும்பக் கற்றுத்தராது. இரண்டு பெடலையும் கழற்றிவிடு. இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசை, கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் மற்றப் பக்கம் முறுக்கினால் இறுகிக்கொண்டே போகும். உட்கார்ந்தால் இரு பாதமும் தரையில் முழுதாகப் படும்படி இருக்கையை இறக்கு. முதலில் பிரேக் பிடிக்கக் கற்கட்டும், பிறகு காலால் உந்தி உந்திப் போகட்டும். காலைத் தூக்கிக்கொண்டு ஐந்தாறு மீட்டர் மிதந்து போக முடிந்த அன்று பெடலை மாட்டு.

பகல் பொழுதுக்கு ரகசியக் கடிதம். 1 செ.மீ. அகலக் காகித நாடாவைப் பென்சிலில் சாய்வாகச் சுற்றி, நீளவாக்கில் எழுதிப் பிரித்தால் எழுத்துகள் சிதறும். அதே பருமனுள்ள பென்சில் வைத்திருப்பவர்தான் வாசிக்கலாம். தமிழில் எழுதும்போது ஒரு தொல்லை உண்டு. ‘கொ’ எழுதினால் கொம்பு ஒரு சுற்றிலும் கால் அடுத்த சுற்றிலும் விழுந்து, பிரித்தவுடன் வேறு எழுத்தாகிவிடும். ஓர் எழுத்து ஒரே சுற்றுக்குள் அடங்க வேண்டும் என்ற விதியை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள், பார். இதை வைத்துப் புதையல் வேட்டை நடத்தினால் துப்புகளைக் கடைசியிலிருந்து முதலுக்கு வைத்துக்கொண்டு வா, குழப்பம் வராது. துப்பு எட்டு போதும். ஒவ்வொரு துப்பையும் யார் வாசிப்பது என்று முன்னமே பெயர் எழுதிவிடு, இல்லாவிட்டால் பெரியவளே எல்லாவற்றையும் முடித்துவிடுவாள்.

வெயிலை மட்டும் அலட்சியம் செய்யாதே. வெளி வேலை எல்லாம் காலை ஒன்பதுக்குள், மாலை நாலரைக்குப் பிறகு. ஓடியாடும்போது 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 150 மி.லி.யாவது தண்ணீர், தாகம் எடுக்கக் காத்திருக்க வேண்டாம். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்றால் உடனே நிழல், ஈரத்துணி, விசிறி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். பேச்சு குழறினாலோ, மயங்கினாலோ, உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ வாயில் எதையும் ஊற்றாமல், உடம்பை நனைத்துக் குளிர்வித்துக்கொண்டே மருத்துவமனைக்கு ஓடு.

அவர்கள் வருவதற்குள் மூங்கில் குச்சிகளையும் ரப்பர் அடைப்பானையும் தேடி வைத்துவிடு, கடைசி நேரத்தில் கிடைக்காதவை இவை இரண்டும்தான். ராக்கெட் அட்டவணையைப் பெரியவள் கையெழுத்திலேயே எனக்கு அனுப்பச் சொல். 400-க்கும் 800-க்கும் நடுவே எங்கே உச்சம் வந்தது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்