பரிசோதனைக்கு முன் பாதுகாப்பு: இந்தியத் தடகளக் கூட்டமைப்புக்கு ஒரு திறந்த மடல்

இந்தியத் தடகளக் கூட்டமைப்பின் தலைவர், செயலாளர், தேர்வுக்குழு மற்றும் மருத்துவக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். எங்கள் பிள்ளைகள் குறுவட்டப் போட்டியில் ஓடத் தொடங்கி, மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறுகிறார்கள். அவர்களில் மிகச் சிலரே தங்கள் தேசிய முகாமின் வாசல்வரை வந்து சேர்கிறார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் அந்த வாசலில் புதிதாக ஒரு சோதனை வைக்கப்பட்டிருக்கிறது. உலகத் தரவரிசைக்குக் கணக்கில் கொள்ளப்படும் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட விரும்பும் எவரும், பொதுவாக ஆண்களிடம் காணப்படும் எஸ்.ஆர்.ஒய். என்னும் மரபணு தம் உடலில் இருக்கிறதா என்று வாழ்நாளில் ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும் என்று உலகத் தடகள அமைப்பு விதித்திருக்கிறது. கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தாலும் போதும், சிறிது இரத்தம் எடுத்தாலும் போதும். அந்தச் சோதனையை நடத்திக் கொடுக்கும் பொறுப்பு அந்தந்த நாட்டுக் கூட்டமைப்பைச் சேர்ந்தது என்பதால்தான், விதியை வகுத்தவர்களுக்கு எழுதாமல் தங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன்.

இந்த விதி சரியா தவறா என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் நான் முதன்மையாகக் கேட்க வந்தது வேறு. விதியை முழு மனத்தோடு ஏற்பவர்கள்கூட மறுக்க முடியாத ஒரு கோரிக்கை அது. சோதனைக் குச்சியைக் கையில் எடுக்கும் முன்பே, அதன் முடிவால் ஒரு பெண்ணின் வாழ்க்கை குலைந்துவிடாமல் காக்கும் ஏற்பாட்டை எழுத்தில் வகுத்து, அனைவரும் படிக்கும்படி வெளியிடுங்கள். அந்த ஏற்பாடு இல்லாத நாட்டில் என்ன நடக்கும் என்பதை எங்கள் மாவட்டம் நேரில் பார்த்திருக்கிறது.

2006 டிசம்பரில் தோஹாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டத்தை 2 நிமிடம் 3.16 விநாடிகளில் முடித்து வெள்ளி வென்றார் சாந்தி சௌந்திரராஜன். கத்தக்குறிச்சி என்ற சிற்றூரில், செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்த தலித் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். அந்தக் குடும்பத்திலிருந்து ஒரு பெண் ஆசியாவின் இரண்டாம் இடத்திற்கு ஓடிச் சென்றதன் பொருள் என்னவென்று எங்கள் ஊர்ப் பக்கத்து மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓட்டம் முடிந்த சில நாட்களில், பாலினச் சோதனையில் அவர் தேறவில்லை என்ற செய்தி உலகமெங்கும் பரவியது. பதக்கம் பறிக்கப்பட்டது. ஒரு மனிதரின் உடலைப் பற்றிய மிக அந்தரங்கமான மருத்துவத் தகவல், அவர் அதைப் புரிந்துகொள்ளக்கூட அவகாசமில்லாமல், செய்தித் தலைப்பாகிவிட்டது. அவருக்காக எந்த மேல்முறையீடும் நடக்கவில்லை.

அன்றைய தமிழக அரசு 15 லட்சம் ரூபாய் வழங்கிச் சிறப்பித்தது. அதை நன்றியோடு நினைவுகூர வேண்டும். ஆனால் பணம் ஈடுசெய்யக்கூடிய இழப்பாக அது இருக்கவில்லை. மனம் உடைந்து உயிரையே விட முயலும் நிலைக்குத் தள்ளப்பட்டார். பிழைத்து எழுந்து பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். ஆனாலும் நாட்டுக்காக ஓடிய அந்தக் கால்கள் 2012-இல் ஒரு நாளைக்கு 200 ரூபாய்க் கூலிக்குச் செங்கல் சூளையில் நின்றன. பயிற்சியாளர் படிப்பை முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பணி பெறுவதற்குள் ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஓடிவிட்டன. அவர் ஊக்கமருந்து உட்கொள்ளவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. தம் உடலைப் பற்றித் தமக்கே தெரியாத ஒன்றுக்காகத் தண்டிக்கப்பட்டார்.

இப்போது அந்த மரபணுவைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் தங்கள் மாநிலச் சங்கங்களிலும் மைதானங்களிலும் இதைப் பற்றிய தெளிவு மிகக் குறைவு. எஸ்.ஆர்.ஒய். என்பது ஒய் குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணு. கருவில் விதைப்பை உருவாவதைத் தொடங்கி வைப்பது. 1990-இல் அதைக் கண்டறிந்த ஆய்வாளர்களில் ஒருவரான ஆண்ட்ரூ சின்கிளேர், ஒருவரின் பாலினத்தைத் தீர்மானிக்க இந்தச் சோதனையைப் பயன்படுத்துவது தவறு என்று 2025-இல் வெளிப்படையாகவே எழுதினார். மரபணு இருக்கிறது என்று மட்டும்தான் சோதனை சொல்லும். அது வேலை செய்கிறதா, டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் சுரக்கிறதா, சுரந்தால் அதை உடல் ஏற்றுக்கொள்கிறதா என்பதையெல்லாம் அது சொல்லாது. டெஸ்டோஸ்டிரோனுக்கு உடல் அறவே செவிசாய்க்காத நிலை ஒன்று உண்டு. அந்த நிலையுடன் பிறப்பவர்களுக்கு ஒய் குரோமோசோம் இருந்தும், பெண்ணாகவே பிறந்து பெண்ணாகவே வளர்கிறார்கள். பூப்பெய்தவில்லையே என்று மருத்துவரிடம் அழைத்துப் போகும்போதுதான் பலருக்கும் அது தெரிய வருகிறது. உலக அமைப்பின் விதியே இப்படிப்பட்டவர்களைப் பெண்கள் பிரிவில் ஓட அனுமதிக்கிறது. ஆனால் அந்த அனுமதியைப் பெற, முதல் சோதனையில் "இருக்கிறது" என்று வந்த பெண் அடுத்தடுத்து மருத்துவர்கள் முன் நின்று தன் உடலைத் திறந்து காட்டியாக வேண்டும். ஊர் பேசத் தொடங்குவது அந்த இடைவெளியில்தான்.

இது புதிய வழியும் அல்ல. ஒலிம்பிக்கில் 1968 முதல் பெண்களுக்குக் குரோமோசோம் அடிப்படையிலான சோதனை இருந்தது. ஸ்பெயின் நாட்டுத் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்த்தினேஸ் பட்டினோ 1985-இல் ஜப்பானின் கோபே நகரில் அதில் சிக்கினார். விவரம் பத்திரிகைகளில் வெளியானது. பட்டங்களும் உதவித்தொகையும் பறிபோயின. நான் மேலே சொன்ன அதே உடல்நிலைதான் அவருக்கும். போராடி 1988-இல் ஓடும் உரிமையை மீட்டார், ஆனால் ஓட வேண்டிய வயது அதற்குள் கடந்துவிட்டது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3,387 பெண்களைச் சோதித்ததில் எட்டுப் பேருக்கு மரபணு இருப்பதாக முடிவு வந்தது. மேற்கொண்டு ஆராய்ந்தபின் எட்டுப் பேரும் பெண்கள் பிரிவிலேயே போட்டியிட அனுமதிக்கப்பட்டார்கள். இத்தனைக்கும் பிறகு 1999-இல் ஒலிம்பிக் அமைப்பு அந்தச் சோதனையைக் கைவிட்டது. கைவிட்டதை மீண்டும் கையில் எடுப்பது தவறு என்பதே என் கருத்து. பெண்கள் பிரிவு நியாயமாக இருக்க வேண்டும் என்று கேட்கும் சக வீராங்கனைகளின் கவலையை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஒரு நூலிழையில் பதக்கம் இழந்தவர்களின் வேதனை எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கவலைக்கு மருந்தாக, எதுவுமறியாத ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் காவு கொடுக்க முடியாது.

தங்கள் அமைப்புக்கு இதில் ஒரு தனி வரலாறு இருக்கிறது. 2014-இல் ஒடிசாவைச் சேர்ந்த ஓட்ட வீராங்கனை துத்தீ சந்த், பதினெட்டு வயதில், கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்கான அணியிலிருந்து நீக்கப்பட்டார். உடலில் டெஸ்டோஸ்டிரோன் அளவு கூடுதலாக இருக்கிறது என்பது காரணம். அவர் விளையாட்டு நடுவர் தீர்ப்பாயத்தில் தொடுத்த வழக்கில், உலக அமைப்போடு சேர்த்துத் தங்கள் கூட்டமைப்பும் எதிர்த்தரப்பாக இருந்தது. அதே நேரத்தில் இந்திய விளையாட்டு ஆணையம் அவர் பக்கம் நின்றது. பயோஷ்ணி மித்ரா போன்ற ஆய்வாளர்கள் அவருக்கு வழிகாட்டினார்கள். டெஸ்டோஸ்டிரோன் அளவுக்கு வரம்பு வைத்த உலக அமைப்பின் விதியை 2015 ஜூலையில் தீர்ப்பாயம் நிறுத்தி வைத்தது. துத்தீ ரியோ ஒலிம்பிக்கில் ஓடினார், 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி வென்றார். சாந்திக்கும் துத்தீக்கும் இடையே உடலிலோ திறமையிலோ உள்ள வேறுபாட்டை நான் பேச வரவில்லை. ஒருவருக்குப் பின்னால் ஓர் அரசு நிறுவனமும் சட்ட உதவியும் நின்றன. மற்றவருக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. இருவரின் பிற்காலத்தையும் பிரித்தது அதுதான்.

சட்டமும் தங்களை இந்தப் பக்கமே அழைக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017-இல் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. ஊடுபால் குழந்தைகளுக்கு, அதாவது ஆண், பெண் என்ற வரையறைக்குள் எளிதில் அடங்காத உடற்கூறுடன் பிறக்கும் குழந்தைகளுக்கு, அவர்கள் சம்மதிக்கும் வயது வருமுன் உடலை மாற்றும் அறுவை சிகிச்சை செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019-இல் தீர்ப்பளித்தது; தமிழக அரசும் அதற்கு ஆணை பிறப்பித்தது. டெஸ்டோஸ்டிரோன் அளவு பற்றிய விதியை எதிர்த்துத் தென்னாப்பிரிக்க ஓட்ட வீராங்கனை காஸ்டர் செமென்யா நடத்திய வழக்கில், அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரும் அமர்வு 2025 ஜூலை 10 அன்று தீர்ப்பளித்தது.

இனி எங்கள் மைதானத்தில் நான் அன்றாடம் காண்பதைச் சொல்கிறேன். விளையாட்டு விடுதியில் தங்கிப் படிக்கும் பதினாறு வயதுப் பெண்ணின் முன் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு படிவத்தை வைத்தால், அவள் படிக்க மாட்டாள், "எங்கே சார் கையெழுத்துப் போடணும்?" என்றுதான் கேட்பாள். பயிற்சியாளர் விரல் வைக்கும் இடத்தில் போட்டுவிட்டு ஓடிவிடுவாள். அவளுக்கு அந்தப் பயிற்சியாளர்தான் உணவு, ஸ்பைக்ஸ், அடுத்த போட்டி, விளையாட்டு ஒதுக்கீட்டில் வரப்போகும் வேலை, எல்லாம். அவர் நீட்டும் தாளுக்கு "மாட்டேன்" என்று சொல்லும் சுதந்திரம் அவளுக்குக் கிடையாது. அந்தக் கையெழுத்தைச் சம்மதம் என்று எந்த மனசாட்சியும் கொள்ளாது. ஆகவே, சோதனையைப் பற்றி வீராங்கனைக்கு அவருடைய தாய்மொழியில், அணித் தேர்வில் எந்தப் பங்கும் இல்லாத ஒரு பெண் மருத்துவர் உட்கார்ந்து விளக்க வேண்டும். எப்படிப்பட்ட முடிவுகள் வரலாம், வந்தால் என்ன நடக்கும், முடிவைத் தெரிந்துகொள்ளாமலேயே விலகிக்கொள்ள வழி உண்டா என்பதையெல்லாம் சொல்ல வேண்டும். யோசிக்கவும் வீட்டில் பேசவும் நாள் கொடுக்க வேண்டும்.

முடிவு வந்த பிறகு அது யார் யார் கைக்குப் போகிறது என்பது அதைவிட முக்கியம். எங்கள் வட்டத்தில் ஒரு பெண் திடீரென்று முகாமிலிருந்து வீட்டுக்கு வந்தாலே போதும், மறுநாள் தேநீர்க் கடையில் காரணம் பேசப்படும். பயிற்சியாளர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி பரவ ஓர் இரவு போதும். வேகமாக ஓடுகிற, மார்பு தட்டையான, முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட எந்தப் பெண்ணையும் "ஆம்பளை மாதிரி இருக்கா" என்று சொல்லிப் பழகிய ஊர்கள் இவை. தோற்ற அணியின் பெற்றோர் அதையே புகாராக எழுதிக் கொடுப்பதும் உண்டு. எனவே முடிவு ஒரே ஒரு மருத்துவரின் பொறுப்பில் இருக்க வேண்டும். கூட்டமைப்பின் அலுவலகத்துக்குக்கூட "தகுதி உண்டு" அல்லது "மேலும் ஆராயப்படுகிறது" என்பதற்கு மேல் எதுவும் போகக் கூடாது. அணிப் பட்டியலில் பெயர் விடுபட்டால் என்ன காரணம் சொல்வது என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்யட்டும். தகவலைக் கசியவிட்டவர் யாராக இருந்தாலும் அவர் மீது நடவடிக்கை உறுதி என்பதைத் தங்கள் விதிகளில் எழுதுங்கள்.

பள்ளி, மாவட்ட, மாநிலப் போட்டிகளுக்கும் இளையோர் போட்டிகளுக்கும் இந்தச் சோதனையை நீட்டாதீர்கள் என்பதை மிகவும் வற்புறுத்திக் கேட்கிறேன். "எதற்கும் முன்கூட்டியே பார்த்துவிடலாம்" என்ற எண்ணம் மாநிலச் சங்கங்களில் தோன்றுவது இயல்பு. மேலே போய் அவமானப்படுவதைவிட இங்கேயே தடுத்துவிடலாம் என்று அதற்குக் கருணை முகமும் பூசப்படும். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளையைப் பற்றி அப்படி ஒரு முடிவு வந்தால் அவளுடைய ஓட்டம் மட்டும் நிற்காது. படிப்பும் திருமணப் பேச்சும் தங்கையின் வாழ்க்கையும்கூட அதில் சிக்கிக்கொள்ளும். தவிர, மகளை மைதானத்துக்கு அனுப்பவே தயங்கும் பெற்றோரிடம் நாங்கள் வீடு வீடாகப் போய்க் கெஞ்சித்தான் ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் சேர்க்கிறோம். இப்படி ஒரு சோதனை இருக்கிறது என்று தெரிந்தால் எத்தனை வீட்டுக் கதவுகள் மூடிக்கொள்ளும் என்பதைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சோதனைக்குப் பின் ஓட முடியாமல் போகிறவர்களின் நிலை என்ன? இந்தக் கேள்விக்கு இன்றுவரை ஒழுங்கான பதில் இல்லை. அவர்களுக்கு மேல்முறையீடு செய்ய வழக்கறிஞர் செலவைக் கூட்டமைப்பும் ஒன்றிய விளையாட்டு அமைச்சகமும் ஏற்க வேண்டும். ஏற்கெனவே வென்ற பதக்கமும் பெற்ற வேலையும் பறிக்கப்படாது என்ற உறுதி வேண்டும். உளவியல் ஆலோசனை ஓரிரு அமர்வுகளோடு நிற்காமல் ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். விரும்பினால் பயிற்சியாளர் படிப்பில் இடமும் அதற்கான உதவித்தொகையும் கிடைக்க வேண்டும். 2025-இல் நிறைவேறிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் விளையாட்டு வீரர்களின் பாதுகாப்பைப் பற்றியும் தனித் தீர்ப்பாயத்தைப் பற்றியும் பேசுகிறது. அதன் கீழ்த் தாங்கள் வகுக்கும் விதிகளில் இவற்றுக்கு இடம் இருக்கிறது.

சாந்தி சௌந்திரராஜனுக்கு இன்னும் ஒரு கடன் பாக்கியிருக்கிறது. 2006-இல் அவரது மருத்துவத் தகவல் வெளியானதற்கும், மேல்முறையீடு செய்ய அவருக்கு யாரும் துணை நிற்காததற்கும் தங்கள் கூட்டமைப்பு எழுத்துப்பூர்வமாக வருத்தம் தெரிவிக்க வேண்டும். பதக்கத்தைத் திருப்பித் தருவது தங்கள் கையில் இல்லை என்பதை அறிவேன். ஆனால் அதை மறுபரிசீலனை செய்யுமாறு ஆசிய ஒலிம்பிக் கவுன்சிலுக்குப் பரிந்துரை எழுதுவது தங்கள் கையில்தான் இருக்கிறது.

மேலே கேட்டவற்றைத் தாங்கள் ஒரு நடைமுறை ஆவணமாக வகுத்து, தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகள் அனைத்திலும், அடுத்த தேசிய முகாமுக்கு வீராங்கனைகளை அழைக்கும் முன்பாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த ஆவணத்தை உருவாக்கும் குழுவில், இந்தச் சோதனைகளால் பாதிக்கப்பட்ட வீராங்கனைகளுக்கும், கிராமப்புறப் பள்ளிகளில் பணியாற்றும் உடற்கல்வி ஆசிரியைகளுக்கும் இடம் தாருங்கள். அழைத்தால் வந்து பேச எங்களில் பலர் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியை ஒருவர்,
புதுக்கோட்டை மாவட்டம்.