விஜி, பேங்கில் உன் நம்பர் எது?

கோவில்பட்டி,
ஞாயிறு மாலை

அன்புள்ள விஜி,

உன் கடிதமும் நார்த்தங்காய் ஊறுகாயும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. ஊறுகாய் பாதி காலி. இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பேத்திக்குப் பல் முளைத்துவிட்டது. கமலா மகள் கல்யாணம் தை மாதத்துக்கு முடிவாகியிருக்கிறது, உனக்கும் பத்திரிகை வரும். நலம் விசாரிப்பு இத்தோடு போதும். போனில் சொன்னால் "சரி சரி, அப்புறம்?" என்று நீ தாண்டிப் போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன், கடைசி வரை படி.

பெரியக்கா கணக்கிலிருந்து பணம் போய்விட்டது.

பாளையங்கோட்டை ஹாஸ்டலுக்குச் சீடை டப்பாவோடு வந்து வார்டனையே அதட்டிவிட்டு உள்ளே நுழைவாளே, அந்த அக்காதான். அத்தான் போன பிறகு ஊரில் தனியாகத்தான் இருக்கிறாள். நூறு நாள் வேலைக் கூலியும் பென்ஷனும் அந்த ஒரு கணக்கில்தான் விழும். போன வருஷம் ஆடுகளை விற்ற பணத்தையும் பேத்தியின் நர்சிங் ஃபீஸுக்கென்று அதிலேயே போட்டு வைத்திருந்தாள். பேங்குக்குப் போக வேண்டுமென்றால் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். அதனால் கைரேகை மெஷினோடு ஊருக்கே வருகிற பையனிடம்தான் ஊர் முழுக்கப் பணம் எடுக்கும். ஆதார் எண், எந்த பேங்க் என்ற விவரம், கட்டைவிரல். இந்த மூன்றும் இருந்தால் போதும். கார்டு வேண்டாம், பின் நம்பர் வேண்டாம், ஓடிபியும் வராது. ஒரு தடவைக்குப் பத்தாயிரம் வரை எடுக்கலாம்.

வழக்கமாக வருகிறவனுக்குப் பதில் வேறொருவன் வந்திருக்கிறான். அக்கா கேட்டது ஆயிரத்து ஐந்நூறு. விரலை வைத்தாள். "சர்வர் கிடைக்கல பாட்டி, இன்னொரு தடவை வைங்க" என்றான். வைத்தாள். ஆயிரத்து ஐந்நூறை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். ரசீது தரவில்லை. அடுத்த மாதமும் அவனே வந்தான், அதே சர்வர் கதை. ஃபீஸ் கட்டுவதற்காக பேங்குக்குப் போய்ப் பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, 'கிடைக்காத' சர்வரில் இரண்டு மாதமும் பத்தாயிரம் பத்தாயிரமாகப் போயிருக்கிறது.

இரண்டு தடவையும் பேங்க் எஸ்எம்எஸ் அனுப்பியிருக்கிறது. எவ்வளவு எடுத்தது, மிச்சம் எவ்வளவு, எல்லாம் அதில் இருந்திருக்கிறது. ஆனால் போனது அத்தானுடைய நம்பருக்கு. கணக்கு தொடங்கும்போது வீட்டில் இருந்தது அந்த ஒரு போன்தான், அதைத்தான் கொடுத்திருந்தார்கள். அத்தான் போன பிறகு யாரும் அதற்கு ரீசார்ஜ் செய்யவில்லை. அப்படிப் போன நம்பரை 90 நாள் விட்டுவிட்டுக் கம்பெனி வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். பேங்கில் வேலை பார்த்த நம் சுந்தரம் சார் அந்த நம்பருக்கு அடித்துப் பார்த்தார். யாரோ ஒரு பையன் ஹிந்தியில் பேசினான். அக்கா வீட்டுக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியாது, அந்தப் பையனுக்குத் தெரியும்! எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை விஜி.

பேங்க் மேனேஜர் முதலில் சொன்னது, "ரேகை வைத்தது அவங்கதானே அம்மா?" என்று. சுந்தரம் சார் மட்டும் கூட வந்திருக்காவிட்டால் நாங்கள் அழுதுகொண்டே பஸ் ஏறியிருப்போம். முப்பது வருஷம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர் இல்லையா, ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கையை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தார். வாடிக்கையாளருக்குத் தெரியாமல் மின்னணு வழியில் பணம் போனால் நஷ்டம் யாருடையது என்று அதில் தெளிவாக இருக்கிறது. இதை ஒவ்வொரு ஊர் டீக்கடையிலும் ஒட்டி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பு பேங்க் பக்கம் என்றால், நாம் எப்போது சொன்னாலும் முழு நஷ்டமும் பேங்குடையது. நம் மேலும் இல்லை, பேங்க் மேலும் இல்லை, நடுவில் எங்கோ ஓட்டை என்றால், பேங்கின் செய்தி நமக்கு வந்த நாளைக் கழித்துவிட்டு மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு ஒரு பைசா நஷ்டம் கிடையாது. நான்கிலிருந்து ஏழு நாள் என்றால் ஒரு வரம்பு வரை நாம் ஏற்க வேண்டும். அக்காவுடையது மாதிரி, குறைந்தபட்ச இருப்பு வைக்கத் தேவையில்லாத அடிப்படைக் கணக்குக்கு அது 5,000 ரூபாய், உன்னுடையது மாதிரி சாதாரண சேமிப்புக் கணக்குக்கு 10,000. ஏழு நாளும் தாண்டினால் அந்தந்த பேங்க் வகுத்து வைத்திருக்கும் கொள்கைப்படிதான். தப்பு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிக்க வேண்டியது பேங்க்தான், அக்கா இல்லை. இதைச் சார் படித்துக் காட்டியதும் மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

இரண்டாவது பத்தாயிரத்துக்கு நாங்கள் எழுதிக் கொடுத்தது ஐந்தாவது வேலை நாள். நாம் சொன்னதிலிருந்து பத்து வேலை நாளுக்குள் பேங்க் வரவு வைக்க வேண்டும் என்பது விதி. ஐயாயிரம் வரவாகிவிட்டது. முதல் பத்தாயிரத்துக்கு "காலம் கடந்துவிட்டது, எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டோம்" என்று பதில். யாருக்கு அனுப்பினீர்கள் என்பதுதான் எங்கள் கேள்வி. அதை விடப் போவதில்லை. முப்பது நாளில் சரியான பதில் வராவிட்டால், வந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், அதற்குக் கட்டணம் ஒன்றும் கிடையாது. மனுவைச் சார் தயார் செய்துகொண்டிருக்கிறார். சைபர் மோசடிக்கான அரசு உதவி எண் 1930-க்கும் அடித்துப் புகார் கொடுத்திருக்கிறோம். அந்த மெஷின் யார் பெயரில் பதிவானது என்று போலீஸ் தேடுகிறது.

இவ்வளவிலும் எனக்கு ஆறாத ஒன்று உண்டு. அக்கா அழுதது பணத்துக்காக இல்லை. விஷயம் தெரிந்து வந்த ஒவ்வொருவரும் "நீ ஏன் ரெண்டு தடவை விரலை வச்சே?" என்று கேட்டார்கள். அவளுடைய மகனே போனில் அதைத்தான் கேட்டான். ஆளை அதட்டியே வாழ்ந்தவள் இப்போது வாசலுக்கு வர யோசிக்கிறாள். திருடியவனைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வெட்கத்தை நம்பித்தான் அவர்கள் தொழிலே நடக்கிறது விஜி. ஏமாந்தவர் வெளியே சொல்லக் கூச்சப்பட்டு இரண்டு நாள் மறைத்தால், அந்த இரண்டு நாளில் பணம் நாலு கணக்கு தாண்டிப் போய்விடும். உடனே 1930-க்குச் சொன்னால் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. அதனால் உன் வீட்டில், உன் தெருவில் யாருக்காவது இப்படி ஆனால் முதலில் திட்டாதே. நம்பரைப் போட்டுக் கொடு.

சரி, இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். தப்பிக்க முடியாது.

ஏட்டி, உன் பென்ஷன் கணக்கில் இருப்பது யார் நம்பர்? போன முறை மதுரையில் பார்த்தபோது "எல்லாம் பிரபு நம்பர்தான், அவன் பார்த்துக்குவான்" என்றாய். உன் மகன் பிரபு இருப்பது சிங்கப்பூரில். அந்த இந்திய சிம்மை அவன் எந்த டிராயரில் போட்டு வைத்திருக்கிறானோ! மூன்று நாள் கணக்கு தொடங்குவது அந்தச் செய்தியிலிருந்துதான். செய்தி டிராயருக்குள் கிடந்தால் நாட்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். நாளைக்கே பாஸ்புக்கும் ஆதாரும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போ, உன் கையில் இருக்கும் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு, கையோடு ஒப்புகை வாங்கு. வீட்டுக்கு வந்ததும் நூறு ரூபாய் எடுத்தோ அனுப்பியோ பார், செய்தி வருகிறதா என்று. சிறு தொகைக்குச் செய்தி அனுப்பாத பேங்க்குகளும் உண்டு, உன்னுடையது எப்படி என்று அங்கேயே கேட்டு வை.

எஸ்எம்எஸ்ஸுக்கு மூன்று மாதத்துக்குப் பதினைந்து ரூபாய் பிடிக்கிறான் என்று நீ ஒரு தடவை கொதித்தாய். பிடிக்கட்டும் விஜி. ஒரு டீ காசு.

நம்பர் சரியாக இருந்தும் படிக்காவிட்டால் என்ன பயன்? உன் போனில் படிக்காத செய்திகள் எத்தனை என்று நான் பார்த்திருக்கிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளையின் கட்டுரை நோட்டில் ஒற்று மிகவில்லை என்றால் அரை மார்க் குறைத்தவள் நீ. உன் சொந்தக் கணக்கின் செய்தியை மட்டும் பார்க்காமல் தள்ளிவிடுகிறாய். தினமும் ராத்திரி படுக்கப் போகுமுன் பேங்க் செய்திகளை மட்டும் பிரித்துப் பார். நீ செய்யாத ஒரு ரூபாய்ப் பற்று இருந்தாலும் விடாதே. சில திருடர்கள் முதலில் ஒன்றோ இரண்டோ எடுத்துப் பார்ப்பார்கள், யாராவது கேட்கிறார்களா என்று. கேள்வி வராவிட்டால்தான் பெரிய கை வைப்பார்கள்.

செய்தி எல்லாமே பேங்கிலிருந்து வருவதும் இல்லை. எதிர்வீட்டு மளிகைக் கடைக்காரருக்கு ஒருத்தி போன் செய்து, "இரண்டாயிரம் அனுப்புவதற்குப் பதில் இருபதாயிரம் அனுப்பிவிட்டேன் அண்ணா, ஆஸ்பத்திரிச் செலவுக்கு வைத்திருந்தது, மிச்சத்தைத் திருப்பிப் போடுங்கள்" என்று அழுதாளாம். அவர் போனில் 20,000 வரவு என்று பேங்க் மாதிரியே செய்தியும் வந்திருந்தது. நல்லவேளை, அவர் மனைவி "முதல்ல இருப்பைப் பாருங்க" என்றிருக்கிறார். பேங்க் ஆப்பில் பார்த்தால் ஒரு பைசா ஏறவில்லை. செய்தி ஏதோ பத்து இலக்க நம்பரிலிருந்து வந்திருந்தது. பேங்கின் செய்தி அப்படி வராது, எழுத்துகளில் ஒரு பெயரோடு வரும், இப்போது அதன் கடைசியில் எஸ், டி, பி, ஜி என்று ஓர் எழுத்தும் சேர்கிறது. சேவைச் செய்தி என்றால் எஸ், பரிவர்த்தனை என்றால் டி, விளம்பரம் என்றால் பி, அரசு என்றால் ஜி. ஆனாலும் வரவு என்று எந்தச் செய்தி வந்தாலும் கணக்கைத் திறந்து பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும். பற்று என்று வந்தால் நேர் எதிர், அந்த நிமிஷமே ஓட வேண்டும். ஓடும்போதும் அந்தச் செய்தியில் இருக்கும் நம்பருக்கு அடிக்காதே, கார்டின் பின்பக்கம் இருக்கும் நம்பருக்கு அடி. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போடச் சொல்கிறவன் யாராக இருந்தாலும் திருடன்தான். பின் போட்டால் பணம் வெளியேதான் போகும், உள்ளே வராது.

இன்னொன்று, வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்றும் வண்டி அபராதம் என்றும் ஏபிகே ஃபைல் (திறந்தால் போனில் ஓர் ஆப்பை ஏற்றிவிடும் ஃபைல்) வருகிறதே, அதைத் திறந்து தொலைக்காதே. அது உள்ளே உட்கார்ந்துகொண்டு உனக்கு வரும் ஓடிபியைப் படித்து அவனுக்கு அனுப்பும், பேங்க் எச்சரிக்கைச் செய்தியை நீ பார்க்கும் முன்பே அழித்தும் விடும். கமலா வீட்டுப் பத்திரிகை தபாலில்தான் வரும், கவலைப்படாதே!

அக்காவின் ஆதார் கைரேகையை இப்போது பூட்டி வைத்திருக்கிறோம். ஆதார் ஆப்பில் அதற்கு வசதி இருக்கிறது. தேவைப்படும்போது கொஞ்ச நேரம் திறந்துகொள்ளலாம், பிறகு தானாகவே பூட்டிக்கொள்ளும். எங்கெங்கே உன் ரேகை பயன்பட்டது என்று கடந்த ஆறு மாதப் பட்டியலையும் அதிலேயே பார்க்கலாம். நீ மெஷினில் பணம் எடுப்பதே இல்லை, அதனால் உனக்குப் பூட்டியே இருந்தாலும் நஷ்டமில்லை. ஆனால் அதைச் செய்வதற்கும் ஆதாரில் உன் நம்பர் இருக்க வேண்டும், ஆகவே மறுபடியும் பிரபுவிடம்தான் வந்து நிற்போம்.

அக்கா ஊர் பெண்களுக்குச் சார் அடுத்த வாரம் மடத்தில் வைத்து இதையெல்லாம் சொல்லித் தரப் போகிறார். ரசீது கேட்டு வாங்காமல் விரலை எடுக்காதீர்கள், 'சர்வர் இல்லை' என்றால் அந்த மெஷினில் மறுபடி விரல் வைக்காமல் எழுந்து வாருங்கள் என்று சுவரில் எழுதி வைக்கவும் யோசனை. அக்காவைப் பேசச் சொன்னேன். முதலில் மாட்டேன் என்றாள். நேற்று ராத்திரி போன் செய்து, "அவன் என்ன சொன்னான்னு நான்தான் சொல்லணும், மத்தவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

அண்ணனுக்கும் மாமியாருக்கும் என் வணக்கம் சொல். ஊறுகாய்க்கு வெந்தயம் எப்போது போட்டாய் என்று எழுது. அதற்கு முன்னால், பேங்கில் கொடுத்த ஒப்புகையைப் படம் எடுத்து அனுப்பு. அது வராவிட்டால் நானே பஸ் ஏறி வந்து உன்னைக் கிளைக்குக் கூட்டிக்கொண்டு போவேன்.

உன்,
செண்பகம்