சுருக்குமடியும் ஒன்பதாம் வகுப்பும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜூன் 5 வந்தால் பள்ளிகளில் சுற்றுச்சூழல் தினப் பேச்சுப்போட்டி. மரம் நடுவோம், நெகிழியைத் தவிர்ப்போம் என்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே உரையை ஒப்பிப்பார்கள், மறுநாள் உங்கள் பேப்பரில் படமும் வரும். நான் வேலை பார்ப்பது நாகை மாவட்டத்தில் ஒரு கடலோரப் பள்ளியில். எங்கள் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் பிரச்சினை என்றால், மீன் கூட்டத்தையே வளைத்து அடியைச் சுருக்கி அள்ளுகிற சுருக்குமடி வலைதான், ஆனால் அதைப் பற்றி மட்டும் பேச விடமாட்டோம், பேசினால் சண்டை வந்துவிடுமாம்.

பேசவிடாமலே வந்தது. ஒன்பதாம் வகுப்பில் உணவுச்சங்கிலி நடத்திக்கொண்டிருந்தேன். ஃபைபர் படகுக்காரர் மகன் முன்பெஞ்சுப் பையனைப் பார்த்து, "உங்கப்பா குஞ்சு மீனெல்லாம் வாரிட்டுப் போற திருடன்" என்றுவிட்டான். இவன் அப்பா சுருக்குமடிப் படகில் பங்குக்குப் போகிறவர். ஜாமெட்ரி பாக்ஸ் பறந்தது.

அன்றைக்கு இருவரையும் வெளியே நிற்க வைத்தேன், வழக்கம்போல. மறுநாள் ஒரு வேலை கொடுத்தேன்: அடுத்தவன் கட்சியை நீ எடுத்துச் சொல், அவன் "ஆமா, இதைத்தான் சொன்னேன்" என்கிற வரைக்கும் உன் பதில் கிடையாது. ஃபைபர் படகுப் பையன் ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "வலைக்கு வாங்கின கடன் இருக்கு, தொழிலை விட்டா வட்டி யாரு கட்டுறது?" என்றான். "அது மட்டுமில்ல, எங்க வலை இழுவைமடி மாதிரி தரையைச் சுரண்டாது, அதையும் சொல்லு" என்றான் மற்றவன். அப்புறம் வகுப்பே இறங்கிவிட்டது. தமிழக அரசு தடை செய்த இந்த வலைக்கு 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும் என்று இடைக்கால அனுமதி கொடுத்ததைச் சொன்னேன். "12 மைலை யாரு டீச்சர் கடல்ல போய் அளப்பா?" என்று ஒரு பெண் கேட்டாள். படகில் கண்காணிப்புக் கருவி இருக்க வேண்டும் என்பதும் அந்த உத்தரவிலேயே இருக்கிறது என்றேன். "அதை அணைச்சு வெச்சா?" சரியான கேள்வி.

எனக்கே சுருக்குமடியில் உடன்பாடு கிடையாது. மரியாதையாகப் பேசுவதற்காக வலையில் குஞ்சு மீன் விழுவதை இல்லை என்று சொல்ல வேண்டியதுமில்லை. ஆனால் பட்டிமன்றம் பார்த்தே வளர்கிற பிள்ளைகளுக்கு எதிரணியைக் கிண்டலடித்துக் கைதட்டு வாங்கத்தான் தெரிகிறது.

வரும் ஜூனிலாவது, தன் கட்சியை முழங்குகிற பிள்ளைக்கு இல்லாமல், எதிர்க்கட்சியைப் பிசகாமல் எடுத்துச் சொல்கிற பிள்ளைக்கு முதல் பரிசு கொடுத்துப் பார்க்கலாமே. அப்போது மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்காரர்கள் கரையில்தான் இருப்பார்கள், நடுவராக ஃபைபர் படகுக்காரர் ஒருவரையும் சுருக்குமடிக்காரர் ஒருவரையும் உட்கார வைக்கலாம். பரிசு எப்படியும் எவர்சில்வர் டப்பாதான்.

- ஓர் ஆசிரியை, நாகப்பட்டினம் மாவட்டம்