மதகுகளைத் திறந்தே வையுங்கள்: மாட்ரிட் மாநகராட்சிக்கு ஒரு மடல்

மன்சனாரெஸ் ஆற்றைப் பராமரிக்கும் மாநகராட்சி அதிகாரிகளுக்கு,

வணக்கம். நேற்றுக் காலை செகோவியா பாலத்தில் நின்று ஒரு சாம்பல் நாரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணுக்கால் ஆழத் தண்ணீரில் ஒரு காலைத் தூக்கி அடுத்த அடி வைக்க அதற்கு அரை நிமிடம் ஆனது, பாலத்தில் போகும் வண்டிச் சத்தத்தை அது சட்டையே செய்யவில்லை. திடீரென்று கழுத்து நீண்டது, அலகில் விரல் நீள மீன் துடித்தது. முன்பு இதே இடத்தில் கல் சுவர்களுக்கு நடுவே பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடந்ததைப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

2016ல் சூழல் ஆர்வலர்களின் யோசனையைக் கேட்டு, நகரத்துக்குள் ஆற்றைத் தடுத்து நிறுத்தியிருந்த சிறு அணைகளின் மதகுகளைத் திறந்தது உங்கள் மாநகராட்சிதான். தண்ணீர் ஓடியது, மணலும் வண்டலும் திட்டுத் திட்டாகப் படிந்தன, அதில் நாணலும் வில்லோ மரங்களும் தானாக முளைத்தன, அப்புறம் கொக்கு, நீர்க்காகம், தாழைக்கோழி, மீன்கொத்தி என்று ஒவ்வொன்றாக வந்தன. நீர்நாய்கூட வந்துவிட்டது!

மொத்தமே 92 கிலோமீட்டர் ஓடும் சின்ன ஆறு இது. குவாதர்ராமா மலையில் 2,000 மீட்டருக்கு மேலே பிறந்து, லா பெத்ரீசாவின் கிரானைட் பாறைகளுக்கு நடுவே குதித்து, மான்களும் அரிய பேரரசுக் கழுகும் வாழும் எல் பார்தோ காட்டைக் கடந்துதான் நகரத்துக்குள் வருகிறது, கடைசியில் ஹராமா ஆற்றில் கலக்கிறது. இடையில் நகரத்துக்குள் மட்டும் அதைக் குளமாக்கி வைப்பது என்ன நியாயம்?

புதர் மண்டுகிறது, பூச்சி கடிக்கிறது, துடுப்புப் படகு விட முடியவில்லை என்று புகார்கள் வருவது தெரியும். கருப்பு ஈ ஓடும் தண்ணீரில்தான் வளரும், அந்தத் தொல்லை உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் புழுப் பருவத்திலேயே கட்டுப்படுத்த பாக்டீரியா மருந்து இருக்கிறதே. மதகை மூடினாலோ தண்ணீர் தேங்கும், கொசு பெருகும், வண்டல் எல்லாம் அணைக்குப் பின்னால் சேறாகச் சேரும். படகு விட வேறு ஏரி பார்க்கலாம், நீர்நாய்க்கு வேறு ஆறு எங்கே போய்த் தேடுவது?

வெள்ளத்துக்குப் பயந்து திட்டுகளில் செடி வெட்டத்தான் வேண்டும் என்றால், சரி, ஒரேயடியாக மொட்டையடிக்காமல் பகுதி பகுதியாக வெட்டுங்கள். அதையும் ஜூலை முடிந்த பிறகு செய்யுங்கள். நேற்று அந்த நாரை நின்ற திட்டில்தான் போன மே மாதம் ஒரு தாழைக்கோழி ஐந்து குஞ்சுகளோடு திரிந்துகொண்டிருந்தது.

அன்புடன்,
தினமும் ஆற்றங்கரையில் நடக்கும் ஒருவர்