சத்தம் மாறியதை அந்த அக்கா சொன்னார்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சிறுதொழில்கள் படும் பாட்டைப் பற்றி உங்கள் வாசகர்கள் எழுதும் கடிதங்களைத் தவறாமல் படித்துவருகிறேன். மின்கட்டணம், வங்கிக் கடன், ஆள் பற்றாக்குறை என்று எல்லாம் வருகிறது. மோட்டார் எரிந்து மில் நின்றுபோவதைப் பற்றி மட்டும் ஒருவரும் எழுதக் காணோம். நான் திருநெல்வேலி பேட்டையில் மோட்டாரின் காயில், அதாவது உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள், எரிந்தால் திரும்பக் கட்டிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் ஒரு நூற்பாலையில் 22 வருஷம் மெயின்டனன்ஸ் பிட்டராக இருந்தேன். எரிந்த மோட்டார் வந்தால்தான் எனக்குப் பிழைப்பு. ஆனாலும் என் கடைக்கு வருவதில் பாதிக்கு மேல் எரிந்திருக்கவே வேண்டாத மோட்டார்கள். அதைச் சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

மோட்டாரைத் திறந்தால் அது எப்படிப் போயிற்று என்று காயிலே சொல்லிவிடும். எல்லாக் காயிலும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் லோடு தாங்கவில்லை, இல்லாவிட்டால் தூசி அடைத்து உள்ளே காற்றுப் போகவில்லை. பேஸ் என்பது மோட்டாருக்குக் கரண்ட் வரும் மூன்று வழிகளில் ஒன்று. மூன்று காயிலின் ஒரு முனையையும் சேர்த்துக் கட்டும் ஸ்டார் இணைப்பில் இரண்டு பேஸ் காயில்கள் கரியாகி, மூன்றாவது மட்டும் நேற்றுக் கட்டியது போல இருந்தால், ஒரு பேஸ் போன பிறகும் மோட்டாரை ஓடவிட்டிருக்கிறார்கள். காயில்களை முக்கோணமாக இணைக்கும் டெல்டா என்றால் ஒரு பேஸ் கரி, மற்ற இரண்டும் பிழைத்திருக்கும். காயில் உட்கார்ந்திருக்கும் அசையாத பாகமான ஸ்டேட்டரின் உள்பக்கம் ஓரிடத்தில் மட்டும் தகடு தேய்ந்து வெள்ளிக்காசு மாதிரி மின்னினால், தண்டைத் தாங்கும் பேரிங் போய், சுழலும் பாகமான ரோட்டர் இறங்கி உரசியிருக்கிறது. இந்தக் கடைசி வகையைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு எரியும். பேரிங் ஒரே நாளில் போவது அபூர்வம். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் அது சொல்லிக்கொண்டே இருக்கும்.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ரைஸ் மில். மூன்று வருஷம் முந்தி, கார் அறுவடை முடிந்து நெல் வந்து குவிகிற நேரம். அவித்த நெல்லைக் காயவைக்கிற டிரையரில் காற்று ஊதும் புளோயரின் மோட்டார், 20 எச்பி. அதன் பக்கத்தில் தினமும் நெல் கூட்டுகிற அக்கா ஒருவர் ஆபரேட்டரிடம், "தம்பி, மோட்டார் சத்தம் மாறிட்டு. நேத்து வரைக்கும் இப்படிக் கறுமுறுன்னு சத்தம் இல்ல" என்று சொல்லியிருக்கிறார். ஆபரேட்டர் முதலாளியிடம் போய்ச் சொல்ல, "சீசன் கழியட்டும் வே, பாத்துக்கிடுவோம்" என்று பதில் வந்திருக்கிறது. நாலாம் நாள் ராத்திரி மோட்டார் இறுகி நின்றுவிட்டது. வெளியே ஐப்பசி மழை, களத்தில் நெல்லைப் பரப்ப வழியில்லை. அவித்த நெல் குவியலாகக் கிடந்து புளித்த வாடை அடித்துவிட்டது. மறுநாள் மோட்டார் டெம்போவில் என் கடைக்கு வந்தது.

பேரிங்கைக் கழற்றிப் பார்த்தேன். குண்டுகள் சூட்டில் நீலம் பாரித்திருந்தன. குண்டுகளை இடைவெளி விட்டுப் பிடித்திருக்கும் கூண்டு மூன்று துண்டு. வெளிவளையத்தில் குண்டு ஓடுகிற தடத்தில் ஓர் அரிசி மணி அளவுக்குத் தோல் உரிந்து பள்ளம் விழுந்திருந்தது. எள்ளளவில் தொடங்கிய பள்ளம்தான் அது. மோட்டார் நிமிஷத்துக்கு 1440 சுற்று, அதாவது வினாடிக்கு 24. எட்டு குண்டும் மாறி மாறி அந்தப் பள்ளத்தில் விழுந்து எழும்போது வினாடிக்கு 70 தட்டுக்கு மேல் விழும். அந்த அக்காவின் காதில் கறுமுறு என்று கேட்டது அந்தத் தட்டுதான். சின்னச் செலவில் முடிந்திருக்க வேண்டிய பேரிங் வேலை, காயிலும் எரிந்து முழுக் காயிலும் கட்டுகிற வேலையாகிப் போனது. நெல் நஷ்டம் தனி.

நூற்பாலையில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணாச்சி நீளமான திருப்புளி ஒன்றை எப்போதும் இடுப்பில் செருகியிருப்பார். நுனியை பேரிங் மூடியில் வைத்துக் கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கேட்பார். கேட்டு முடித்ததும், "இது இன்னும் ரெண்டு மாசம் ஓடும், அது இந்த ஞாயித்துக்கிழமை மாத்தணும்" என்பார். அநேகமாக அப்படியே நடக்கும். அவர் ஓய்வுபெற்ற அன்றைக்கு அந்தக் காதும் அவரோடு போய்விட்டது, ஏனென்றால் எதையும் எழுதிவைக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. பாபநாசத்தில் தண்ணீர் விசையில் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஹார்வி மில் ஓடிய சீமை இது. எத்தனை பிட்டர்களின் காது இப்படி எழுத்தில் ஏறாமல் போயிருக்கும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இப்போது அந்தக் காதின் வேலையைச் செய்யக் கையடக்கமான வைப்ரேஷன் மீட்டர் இருக்கிறது. பேரிங் மேல் வைத்தால் அதிர்வு வினாடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று எண் காட்டும். 15 கிலோவாட், அதாவது 20 எச்பி வரையுள்ள சிறு மெஷின்களுக்கு ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தர அமைப்பின் 10816 தரவரையறை (2016-இல் அதன் இடத்துக்கு 20816 வந்தது) ஒரு கணக்குக் கொடுத்திருந்தது. 1.8 வரை ஓட்டலாம். 1.8-க்கும் 4.5-க்கும் நடுவில் இருந்தால் வேலைக்கு நாள் குறிக்க வேண்டும். 4.5 தாண்டினால் நிறுத்துவது நல்லது. ஒருநாள் எடுத்த எண்ணை விட, வாராவாரம் அதே இடத்தில், அதே லோடில் எடுத்த எண்களின் போக்குத்தான் எனக்கு முக்கியம். ஆறு மாதமாக 1.1, 1.2 என்று இருந்த மோட்டார் இரண்டே வாரத்தில் 1.7-க்கு ஏறினால், கணக்குப்படி இன்னும் 'ஓட்டலாம்' என்றாலும் நான் விடமாட்டேன், உடனே திறந்து பார்ப்பேன். பள்ளம் எள்ளளவில் இருக்கும்போது இந்த மீட்டருக்கே தெரியாமலும் போகலாம். அதற்குத்தான் தட்டுகளைத் தனியாகப் பிரித்துக் காட்டும் கருவிகள் வந்திருக்கின்றன. அவை விலை கூடியவை.

சூடும் அப்படித்தான். காயில் இன்சுலேஷன் தாங்கும் அளவுக்கு மேல் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும். அடுத்த 10 டிகிரிக்கு அந்தப் பாதியிலும் பாதி.

கயத்தாறு, பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலை வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். வைகாசியில் காற்றுப் பிடித்துவிட்டால் புரட்டாசி வரை ஓட்டம்தான், வருஷ வருமானத்தில் பெரும்பங்கு அந்த மாதங்களில்தான். அந்த நேரத்தில் கியர்பாக்ஸ் போனால், அடிக்கிற காற்றில் கிரேன் வைத்துக் கழற்றவும் முடியாது. அதனால் விவரமானவர்கள் மாசி, பங்குனியிலேயே கியர் ஆயிலில் ஒரு குப்பி எடுத்து லேபுக்கு அனுப்பி, இரும்புத் துகள் எவ்வளவு என்று பார்த்துவிடுகிறார்கள். ரத்தப் பரிசோதனை மாதிரி. நம் அரிசி ஆலையும் எண்ணெய்ச் செக்கும் மர அறுவை மில்லும் ஏன் அப்படி ஒரு நாள் குறித்துப் பார்க்கக் கூடாது?

நாம் நாள் குறித்து மெஷினைத் தொடுவது ஆயுத பூஜைக்குத்தான். பக்தியில் நான் யாருக்கும் குறைந்தவன் இல்லை, என் கடையிலும் பொரி, கடலை, சந்தனம் எல்லாம் உண்டு. ஆனால் முந்தின நாள் ஓஸ் பிடித்து மோட்டார் மேல் தண்ணீர் அடிக்காதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். பூஜை கழிந்த வாரத்தில், ஈரம் உள்ளே போய் எரிந்த மோட்டார்கள் வருஷம் தவறாமல் என்னிடம் வருகின்றன. கிரீஸும் அப்படித்தான். வருஷத்துக்கு ஒருநாள் பிதுங்குகிற வரை அடைத்தால் பேரிங் சூடேறும். கம்பெனி சொன்ன அளவு போதும்.

மாவட்டத் தொழில் மையமும் சிறுதொழில் சங்கங்களும் சேர்ந்து நல்ல வைப்ரேஷன் மீட்டர் ஒன்றும், சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமரா ஒன்றும் வாங்கி, நாள் வாடகைக்கு விட வேண்டும். இரண்டையும் தனியாக ஒரு ரைஸ் மில்காரரால் வாங்கிக் கட்டுப்படியாகாது, முப்பது பேர் சேர்ந்தால் பெரிய காசு இல்லை. அதைப் பிடித்து ரீடிங் எடுக்கப் பேட்டை அரசு ஐ.டி.ஐ. பிள்ளைகளைப் பழக்கினால் அவர்கள் கையில் ஒரு தொழில் இருக்கும். கற்றுக்கொடுக்கக் கூப்பிட்டால் நானே வருகிறேன், சம்பளம் வேண்டாம்.

முதலாளிமார்களிடம் ஒன்று கேட்கிறேன். சத்தம் மாறியதை முதலில் கேட்பவர் பெரும்பாலும் கூட்டுகிறவரும் மூட்டை தூக்குகிறவரும்தான். எட்டு மணி நேரமும் பக்கத்தில் நிற்பவர்கள் அவர்கள். அவர்கள் சொன்னால் அன்றைக்கே ஒருதரம் நிறுத்திப் பாருங்கள். பொய்யாகிப் போனாலும் திட்டாதீர்கள். ஒருதடவை திட்டினால் அடுத்த தடவை வாய் திறக்கமாட்டார்கள்.

போன வருஷத்திலிருந்து, கட்டி முடித்துத் திருப்பிக் கொடுக்கும் ஒவ்வொரு மோட்டாரோடும் 40 பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்தனுப்புகிறேன். முதல் பக்கத்தில் நானே மூன்று பேஸ் ஆம்பியர், இரண்டு பேரிங்கின் அதிர்வு, சூடு எல்லாம் எழுதித் தேதி போட்டுவிடுவேன். அம்பாசமுத்திரத்து மில்லில் இப்போது அந்த நோட்டை எழுதுவது அந்த அக்காவின் மகள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண். திங்கட்கிழமைதோறும் எழுதுகிறாள். போன மாசம் ஒருநாள், "ஃபேன் பக்கம் 1.3-லேருந்து 2.2 ஆயிட்டு மாமா" என்று போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பேரிங்கை மாற்றிவிட்டு வந்தேன். பழைய பேரிங்கின் தடத்தில் எள்ளளவு பள்ளம் இருந்தது.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டும் வாசகர் ஒருவர்,
பேட்டை, திருநெல்வேலி.