ஆடியில் மொய் எழுதியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி சுற்றுவட்டாரத்தில் இருக்கும் அய்யா, அப்பத்தா, மாமா, அத்தை, அண்ணன், அக்கா எல்லோருக்கும் வணக்கம்.

சட்டப் படிப்பில் முதலாம் ஆண்டை முடித்துவிட்டேன். எல்லாப் பாடத்திலும் பாஸ். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2025 ஆடியில், என் படிப்புச் செலவுக்காக அப்பா வைத்த மொய் விருந்துப் பந்தலில் என்னைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் கேட்டது, "இம்புட்டுப் பணத்தைக் கட்டிப்புட்டு ஒழுங்காப் படிச்சுருவியாத்தா?" என்பதுதான்.

அன்றைக்கு அப்பா மைக்கில் நன்றி சொன்னார். பந்தி நடந்த சத்தத்தில் அது யார் காதிலும் விழுந்திருக்காது. தவிர, யார் யார் என்னென்ன செய்தார்கள் என்பது அவருக்கே முழுதாகத் தெரியாது. எனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

இடம் கிடைத்தது வெளிமாநிலத்தில் உள்ள ஒரு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில். "வக்கீலுக்குப் படிக்க எதுக்கு இத்தனை லட்சம்?" என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அரசு சட்டக் கல்லூரியில் சேர்ந்திருந்தால் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களோடு முடிந்திருக்கும். அங்கே படித்து நீதிபதி ஆனவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே என் ஆசை இந்தக் கல்லூரிதான். அதற்கு வேறு பெரிய காரணம் சொல்லத் தெரியவில்லை.

சட்டத்தின் மேல் ஆசை வந்த காரணம் மட்டும் நன்றாகத் தெரியும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நான் ஆறாம் வகுப்பு. அந்த வருட ஆடியில் அப்பா மொய் விருந்து வைத்து, வந்த பணத்தை ஆழ்துளைக் கிணற்றிலும் தென்னந்தோப்பிலும் போட்டிருந்தார். மூன்று மாதத்தில் தோப்பு தரையில் கிடந்தது. வெட்டி அகற்றும் செலவும் சேர்த்து மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம் என்றார்கள். எங்கள் பட்டாவோ தாத்தா பெயரில் இருந்தது. அந்த இழுபறியில் மனு எழுதிக் கொடுத்து, கூடவே அலைந்து முடித்துத் தந்தவர் ஆலங்குடி வக்கீல் மாமா. பீஸாக அவர் வாங்கிக்கொண்டது ஒரு முழம் மல்லிகை. மாமா, உங்களுக்குத்தான் முதல் நன்றி. அந்தப் பட்டா கதை இன்னும் முடியவில்லை, கீழே வருகிறது.

சரி, பணக் கணக்குக்கு வருகிறேன். கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைத் தாண்டும். படிப்பு ஐந்து ஆண்டு. எங்கள் வருமானச் சான்றிதழைப் பார்த்துக் கல்லூரி கல்விக் கட்டணத்தில் பாதியைத் தள்ளுபடி செய்தது. அதற்கும் நன்றி. ஆனால் அந்தத் தள்ளுபடிக்கு வருடா வருடம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் அது கிடையாது. நான் படித்தது மெட்ரிக் பள்ளி என்பதால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான சலுகைகளும் இல்லை. ஐஐடி, என்ஐடி, மத்திய பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களுக்குத் தமிழக அரசு தரும் உதவித்தொகையைக் கேட்டுப் பார்த்தோம். பெயரில் 'தேசிய' என்று இருந்தாலும் இந்தச் சட்டப் பல்கலைக்கழகங்கள் அந்தந்த மாநிலச் சட்டத்தால் உருவானவை. அதிலும் சேர முடியவில்லை.

மிச்சத்துக்குக் கல்விக் கடன். நாங்கள் முதலில் போன வங்கியில் நிலப் பத்திரம் கேட்டார்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான். பத்திரம் இல்லையென்றால் கஷ்டம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பா அன்று இரவு தோப்பில் பாதியை விற்றுவிடலாம் என்று அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

விற்கவிடாமல் செய்தவர் பேராவூரணியில் இருக்கும், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியப்பா. சொந்தப் பெரியப்பா இல்லை, அம்மா பூ கட்டிக் கொடுக்கும் வீட்டுக்காரர். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிரதமரின் வித்யாலக்ஷ்மி திட்டத்தின் விதிகளை வரிவரியாக எங்களுக்குப் படித்துக் காட்டினார். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம். பட்டியலில் உள்ள கல்வி நிறுவனங்களில் இடம் கிடைத்தால் சொத்துப் பிணையும் வேண்டாம், ஜாமீன்காரரும் வேண்டாம். குடும்ப வருமானம் எட்டு லட்சம் வரை இருந்தால், பத்து லட்சம் வரையிலான கடனுக்குப் படிக்கும் காலத்தில் வட்டியில் 3 சதவீதத்தை அரசு ஏற்கும். என் கல்லூரி அந்தப் பட்டியலில் இருந்தது. அவரே இன்னொரு வங்கிக் கிளைக்கு எங்களைக் கூட்டிப்போய், மேலாளர் எதிரில் உட்கார்ந்து, தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பெரியப்பா கையிலிருந்து எங்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய உதவி அதுதான் என்று நினைக்கிறேன்.

அதே வரிசையில் இ-சேவை மைய அக்கா. வருமானச் சான்றிதழில் அப்பா பெயரின் இனிஷியல் ஆதாரோடு ஒத்துப்போகவில்லை என்பதைக் கண்டுபிடித்தது அவர்தான். அது அப்படியே போயிருந்தால் விண்ணப்பம் திரும்பியிருக்கும்.

இருந்தும் காலம் இடித்தது. இந்தச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேருவதற்கான நுழைவுத் தேர்வான கிளாட், 2024 டிசம்பர் 1 அன்று நடந்தது. விடைக்குறிப்பில் தவறு என்று வழக்காகி, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் திருத்திய முடிவும் கலந்தாய்வும் வந்தன. அதற்கப்புறம் எல்லாம் அவசரம். கடன் கைக்கு வர மாதங்கள் ஆகும், முதல் தவணையோ ஜூனிலேயே கட்டியாக வேண்டும், ஆடி பிறக்க இன்னும் நாள் இருந்தது. அந்த இடைவெளியைத் தாண்ட வைத்தவர்கள் இரண்டு பேர். கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் அப்பா பூப் போடும் கமிஷன் கடை அண்ணன், "பூவுல கழிச்சுக்குவோம்" என்று சொல்லி வட்டியில்லாமல் ஒரு பெரிய தொகையை எடுத்துக் கொடுத்தார். மிச்சத்துக்குச் சின்ன அத்தை தன் ஆரத்தைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்தார். அத்தை ஆரத்தைக் கழற்றியது மாமாவுக்கு விருந்தன்றுதான் தெரியும் என்று கேள்வி. மாமா, மன்னிச்சுக்குங்க.

ஆடியில் நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். நம் பக்கத்துக்கு வெளியே இருந்து யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகக் கொஞ்சம்: புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் இந்தப் பகுதியில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடக்கும். கல்யாணமோ காதுகுத்தோ இல்லாமல், பணம் திரட்டுவதற்காகவே வைக்கும் விருந்து. சில குடும்பங்கள் சேர்ந்து ஒரே பந்தலில் ஆட்டுக்கறிச் சாப்பாடு போட்டுச் செலவைப் பிரித்துக்கொள்வார்கள். அவரவர் மொய் அவரவர் நோட்டில். வாங்கிய மொய்யை, கொடுத்தவர் வீட்டு விருந்து வரும்போது திருப்பிச் செய்ய வேண்டும், கூடக் கொஞ்சம் சேர்த்தும் செய்வார்கள். ஒரு வீட்டுக்குப் பொதுவாக ஐந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் முறை வரும். எங்களுக்கு 2023-லேயே வந்தது. "பிள்ளை பன்னெண்டாவது முடிக்கட்டும்" என்று அப்பா தள்ளி வைத்தார்.

கஜாவுக்கும் கொரோனாவுக்கும் அப்புறம் மொய் முன்னைப்போல் விழுவதில்லை என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவள் நான். அதனால் பயந்துகொண்டுதான் இருந்தேன். எவ்வளவு சேர்ந்தது என்பது ஊருக்கே தெரியும், இங்கே எழுதவில்லை. அதில் முதல் வேலையாகப் பூக்கடைக் கணக்கை முடித்து, அத்தையின் ஆரத்தைத் திருப்பினோம். விடுதிக் கட்டணமும் கடனுக்கு நாங்கள் போட வேண்டிய பங்கும் போக, மிச்சத்தை இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் திருப்பிச் செய்ய வேண்டிய மொய்க்காகத் தனியாக வைத்திருக்கிறார் அப்பா. அதைத் தொட அம்மாவுக்குக்கூட அனுமதி இல்லை.

"பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு செலவா, கட்டிக் கொடுக்குற காசு இது" என்று என் காது படப் பேசிய ஒரு தாத்தாவும் வந்தார். சாப்பிட்டார். பழைய மொய்யை இரண்டு மடங்காக எழுதினார். அவர் கருத்தை மாற்றிக்கொண்டாரா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

வகுப்பில் ஒப்பந்தச் சட்டம் நடத்தியபோது உங்கள் ஞாபகம்தான். கைமாற்றாகக் கொடுத்த பணத்தைக் கேட்டு வழக்குப் போட, 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் தருவது மூன்று ஆண்டு. அதற்குப் பிறகு, கட்டுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 25ஆவது பிரிவில், அதை ஏற்கும். நம் மொய் திரும்புவதோ பெரும்பாலும் ஐந்தாவது ஆண்டில். யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. சட்டம் கைவிட்ட கடனை ஒரு வட்டாரமே ஆடிக்கு ஆடி அடைத்துக்கொண்டிருக்கிறது என்று வகுப்பில் சொன்னேன். பேராசிரியர் நம்பவில்லை. அழைப்பிதழைக் காட்டினேன். அது கடனா, அன்பளிப்பா என்று அந்த வகுப்பு முழுக்கச் சண்டை. எனக்கு இன்றுவரை முடிவாகவில்லை. ஆனால் உங்கள் பெயர், ஊர், தொகை இருக்கும் நோட்டின் நகலை விடுதியில் வைத்திருக்கிறேன். படிப்பு முடிந்து சம்பாதிக்கத் தொடங்கியதும் அதில் ஒரு பங்கு என் கையால் செய்வேன்.

பழைய மடிக்கணினியைத் துடைத்துக் கொடுத்த கல்லூரிச் சீனியர் அக்காவுக்கும், தினம் ஆங்கிலத் தலையங்கத்தைப் படிக்க வைத்துத் திட்டிய பள்ளி ஆசிரியைக்கும், பந்தியில் கடைசிவரை நின்ற சமையல் அண்ணன்களுக்கும் நன்றி.

இந்த ஆடியில் உங்கள் வீட்டு விருந்துகளுக்கு அப்பா வருவார். எனக்கு அப்போது வகுப்பு இருக்கும், வராததைக் குறையாக நினைக்க வேண்டாம். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பில் சட்டம் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் இருந்தால் விடுமுறையில் வீட்டுக்கு அனுப்புங்கள், பாடப் புத்தகங்களை எடுத்து வைத்திருக்கிறேன். வசதி இல்லாத பிள்ளைகளுக்குக் கிளாட் பயிற்சி கொடுக்கும் 'ஐடியா' என்ற அமைப்பும் இருக்கிறது, 2010-ல் ஷம்னாத் பஷீர் தொடங்கியது. அதைப் பற்றியும் சொல்கிறேன். தாத்தா பெயரில் பட்டா வைத்திருப்பவர்கள் பிள்ளை பன்னிரண்டாவது வரும் வரை காத்திருக்காமல் இப்போதே மாற்றிவிடுங்கள். எங்களுடையது போன மாதம்தான் அப்பா பெயருக்கு வந்தது. மனு எழுதியது நான், திருத்தியது ஆலங்குடி மாமா.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பிள்ளை